சித்தி புளி போட்டு விளக்கிய முகம்

என் தங்கமே, என் லெட்சுமி அம்மாவே,

உன்னை வெண்கலத்தில் வார்த்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நல்லபடியாகத்தான் படுத்திருக்கிறாய். நீச்சல் உடையில், வயிறு மேலே எழும்பி நிற்க, கண்ணை மூடிக்கொண்டு. சனிக்கிழமையிலிருந்து ஊர் ஜனமெல்லாம் வந்து உன்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது.

கண்காட்சிக்கு ‘நீரும் ஓய்வும்’ என்று பெயர் வைத்தேன். மொத்தம் பதினோரு சிலைகள். லோரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கும் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வேலை முடிந்து பேசினில் கால்களை ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நர்ஸ் இருக்கிறாள். மழை விட்டபின் சாக்கடை ஓரம் வெயில் காயும் உடும்புகூட உண்டு. அதைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். “ஏண்டி, செய்யறதுக்கு வேற ஒன்னும் கெடைக்கலையா உனக்கு?” ஆனால் பிள்ளைகளெல்லாம் அந்த உடும்பைத்தான் முதலில் தேடி ஓடுகிறார்கள்.

பத்துச் சிலைகளும் நன்றாக வந்திருக்கின்றன. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை, நன்றாக வராமல் என்ன? பதினோராவது நீ. உன்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உன்னைப் பற்றி நான் ஊரறிய ஒரு பொய் சொன்னேன், அதனால் உண்மையையும் ஊரறியத்தான் சொல்ல வேண்டும்.

பொய் இதுதான். உன் சிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தேன். ‘ஒவ்வொரு புதன்கிழமையும் நீச்சல் குளத்தின் கரையில் நின்று என் அம்மா மிதப்பதைப் பார்த்தேன். அந்த ஓய்வை என் கைகளால் மறுபடி செய்து பார்த்திருக்கிறேன்.’ இதே வரிகள் கண்காட்சிப் புத்தகத்திலும் அச்சாகி, பல பேர் கைக்குப் போய்விட்டன. படிக்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா? உனக்கும் எனக்கும் தெரியும், ஒரு புதன்கிழமைகூட நான் வந்ததில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்தவள். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட்டு, பேக்கிங் மேசைக்கு முன்னால், நாற்காலி இல்லாமல். ஓய்வு பெற்ற அன்றைக்கே இரண்டு முட்டிகளும் உன்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டன. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “தண்ணில நின்னு பழகுங்க ஆன்டி, கனம் தெரியாது” என்றார். உன் வயசில் வேறு யாராயிருந்தாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். நீ மறு வாரமே நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் எது என்று விசாரித்து, உன் தங்கை அஞ்சலை சித்தியையும் இழுத்துக்கொண்டு போய் இறங்கிவிட்டாய். முழுக்கை பாஜுச் சட்டை, கணுக்கால் வரை சிலுவார் கால்சட்டை, தலையில் ரப்பர் தொப்பி. புதன்கிழமை காலை பத்து மணி.

மூன்று வருடம் போனாய். ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானம் எனக்கு போன் வரும்.

“பாப்பா, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் மெதந்தேன்டி. கைய ஆட்டல, கால ஆட்டல. தனியா, சும்மா கெடந்தேன். வந்து பாரேன் லா.”

“அடுத்த புதன் வரேன்மா.”

“அப்படித்தான் போன வாரமும் சொன்ன.”

“கிளாஸ் இருக்கும்மா. கண்டிப்பா அடுத்த புதன்.”

நான் இருக்கும் சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளானுக்கு எவ்வளவு தூரம்? கூட்டமில்லாத நேரத்தில் அரை மணி. கல்லூரியில் எனக்கு வகுப்பு இருந்தது செவ்வாயும் வியாழனும்தான். புதன்கிழமை நான் சும்மாதான் இருந்தேன் அம்மா. இதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை உன்னை ஏற்றிக்கொண்டு போக வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஏர்கான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் சித்தியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. இறங்கி பத்து அடி நடந்தால் போதும், நான் நடக்கவில்லை. காரணம் வெட்கம். பருத்த உடம்போடு, நனைந்து ஒட்டிய உடையில் என் அம்மா எல்லார் முன்னாலும் மிதப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. துணியே இல்லாத உடம்புகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, அதையே பாடமாகவும் நடத்துகிறவள் நான். என் அம்மா உடம்பைப் பார்க்க மட்டும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது, பார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்த அழுத்தம் எகிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நீ போய்விட்டாய். அதற்கும் நாலு வருடம் ஆகிறது.

இந்தக் கண்காட்சிக்கு அழைப்பு வந்ததும் முதலில் தோன்றிய உருவம் நீதான். மிதக்கிற அம்மாவை வெண்கலத்தில் செய்ய வேண்டும். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்குகிற உலோகத்தில் மிதக்கிற உடம்பைக் காட்ட வேண்டும், அதுதான் சவால், அதை நான் செய்து காட்டுவேன் என்று ஒரு திமிர். சோபாவில் நீ குட்டித்தூக்கம் போடும்போது எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. யார் யாரோ மிதக்கிற வீடியோக்களையும் பார்த்தேன். களிமண்ணில் உன்னைச் செய்து, அச்செடுத்து, மெழுகில் உருவமாக்கி, கிள்ளானில் ஆ சோங்கின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆ சோங் மீன்பிடிப் படகுகளைத் தள்ளும் வெண்கல விசிறி வார்க்கிறவர். சிலை வார்ப்பதெல்லாம் எனக்காக மட்டும்தான்.

உன்னை ஐந்து துண்டாக வார்த்து ஒட்டினோம். ஆறு பேர் சேர்ந்து லோரியில் ஏற்றினார்கள். நீ எப்போதும் கனம்தான், வெண்கலத்திலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. வார்த்து முடித்த வெண்கலம் புதுக் குத்துவிளக்கு நிறத்தில் பளபளக்கும். எனக்கு அது வேண்டாம். அதனால் காஸ் அடுப்புத் தீயால் சூடாக்கி, மருந்து தடவித் தடவி, இரண்டு நாள் உட்கார்ந்து உன் உடம்பு முழுக்கப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தை ஏற்றினேன். நிழலில் கிடக்கிற குளத்துத் தண்ணீரின் நிறம். மேலே மெழுகுப் பூச்சும் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் ஏற்றிய நிறங்களிலேயே அதுதான் சிறந்தது. ஆ சோங்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் திறப்பு விழா. கண்காட்சிப் புத்தகங்களை அச்சகத்திலிருந்து எடுத்துவர நான் வெளியே போயிருந்தேன். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நூரா மட்டும் உள்ளே இருந்தாள். நல்ல பிள்ளை, மலாய்க்காரப் பெண், எனக்கு இந்த மூன்று மாதமாக வலக்கை. அந்த நேரம் பார்த்து அஞ்சலை சித்தி கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறாள். வேலை செய்கிறவர்கள் பசியோடு இருப்பார்களென்று ஒரு தூக்குச்சட்டி நிறைய மீன் குழம்பும் சோறும் கொண்டு வந்திருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது சித்தி உன் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு, பாதி கரைந்த புளி. கையில் தேங்காய் நார். அம்மா, உன் முகம் தகதகவென்று மின்னியது. நெற்றி, கன்னம், மூக்கு, நெஞ்சு, வயிறு, கால் விரல்கள். இரண்டு நாள் வேலையைப் புளி போட்டு விளக்கிவிட்டிருந்தாள்.

நூரா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்தியோடு நின்றிருந்தாள். நான் பார்த்த பார்வையில் மிரண்டுபோய், “அக்கா, இது உங்க சடங்குன்னு நெனச்சேன். தெறக்கறதுக்கு முன்னாடி செய்வாங்கபோலன்னு...” என்றாள் மலாயில். வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததே அவள்தானாம்.

“சித்தி! என்ன பண்றீங்க?”

“வா பாப்பா. ஒரே களிம்பு புடிச்சு கெடந்துச்சு. நாளைக்கு நாலு பேரு வர்ற எடத்துல இப்படியா போட்டு வைக்கறது? முக்குல இருக்கற கடையில புளி வாங்கியாந்து...”

“யாரு உங்கள தொட சொன்னா?”

அவ்வளவு சத்தமாக நான் கத்தி நீ கேட்டதில்லை. வாசலில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். அது களிம்பு இல்லை, என் வேலை, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். சித்தி எழுந்தாள். நாரை வாளி ஓரத்தில் வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சோறு சூடா இருக்கு, எல்லாருக்கும் போட்டு குடு” என்று நூராவிடம் மலாயில் சொல்லிவிட்டு ரயிலடிக்குப் போய்விட்டாள்.

நான் ஆ சோங்குக்கு போன் போட்டேன். மறுபடி நிறம் ஏற்ற வேண்டும், பின் சந்தில் வைத்தாவது இன்றைக்கே முடித்தாக வேண்டும். மனுஷன் காஸ் தோம்பும் தீக்குழாயுமாக ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். வந்தவர் தீயைப் பற்ற வைக்கவில்லை. குனிந்து உன் காதைப் பார்த்தார், நடந்துபோய் உன் கால் விரல்களைப் பார்த்தார், மறுபடி காதுக்கு வந்தார். சாமான் பெட்டியிலிருந்து நீளமான இரும்புச் சட்டத்தையும் ரசமட்டத்தையும் எடுத்தார். சித்தி விளக்கிய இடம் எங்கே முடிகிறதோ அந்தக் கோட்டில், உன் காதிலிருந்து பெருவிரல் வரைக்கும் சட்டத்தைப் பிடித்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

“இது யார் செய்தது?” என்று மலாயில் கேட்டார்.

“என் சித்தி. புளி போட்டு.”

“அவங்களுக்குத் தண்ணி எங்க நிக்கும்னு தெரிஞ்சிருக்கு” என்றார். “உனக்குத் தெரியல. நான் படகுக்காரன், நிறம் ஏத்துன அன்னிக்கே பட்டுச்சு. சிலை உன்னோடது, நான் ஏன் வாய தொறக்கணும்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் நானும் பார்த்தேன் அம்மா. கோபம் அதுவரைக்கும் கண்ணை மறைத்திருந்தது. விளக்கியது திட்டுத்திட்டாக இல்லை. உன்னைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் வெளிச்சம், கீழே இருப்பதெல்லாம் பச்சையும் பழுப்பும். அரைக் காது தண்ணீருக்குள், அரைக் காது வெளியே. தண்ணீரே இல்லாத சிமெண்டு மேடையில் நீ நிஜமாகவே மிதந்துகொண்டிருந்தாய். இரண்டு நாள் நான் ஏற்றிய நிறத்தில் நீ வெறுமனே படுத்துத்தான் கிடந்தாய்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. உன் இரண்டு கைகளையும் ஒரே உயரத்தில், உள்ளங்கை மேலே பார்க்க விரித்து வைத்திருந்தேன். வலது கை மின்னியது. இடது கை கோட்டுக்கு மேலே இருந்தும் கறுத்தே கிடந்தது. மறந்துவிட்டாளா? நான் கத்தியதில் பாதியில் விட்டுவிட்டாளா? நூராவைக் கேட்டேன். சித்தி வேலையை முடித்துவிட்டு, சும்மா உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், நான் அதன் பிறகுதான் வந்தேனாம்.

சித்தி போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பசியாறுனியா?” என்றாள்.

“இல்ல.”

“ஒக்காரு.”

தோசைக்கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு. வேலை பைத்தியம், உனக்குத் தெரியாததா?

“சித்தி, எடது கைய ஏன் விட்டுட்டீங்க?”

“அது வெளிய வராது.”

“நான் மேல தூக்கித்தானே செஞ்சிருக்கேன்?”

“நீ தூக்கி செஞ்சிருப்ப. அவ தூக்க மாட்டா. எடது கை தண்ணிக்குள்ள என் கையில இருக்கும். விட்டா முழுகிருவேன்னு பயம் அவளுக்கு. மூனு வருஷத்துல ஒரு நாளு விட்டதில்ல.”

“தனியா மெதந்தேன்னு என்கிட்ட போன்ல சொல்லுவாங்களே?”

சித்தி சிரித்தாள். “சொல்லுவா சொல்லுவா. நான் பக்கத்துல ஒக்காந்து தல துவட்டிகிட்டு கேட்டுகிட்டுத்தான் இருப்பேன். ஏன்க்கா இப்படி புளுகுறன்னு ஒரு நாளு கேட்டேன். கைய புடிச்சிகிட்டு மெதந்தேன்னு சொன்னா எவ வருவா, தனியா மெதக்குறேன்னு சொன்னாத்தான் அவ வந்து பாப்பான்னா.”

தோசையைத் தட்டில் போட்டு எனக்கு முன்னால் வைத்தாள். அதை நான் எப்படித் தின்பது, நீயே சொல். அழுதேன். உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மூன்று வருடம், ஒவ்வொரு புதன்கிழமையும், என்னை வரவழைக்க நீ ஒரு சின்னப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். நீ போன பிறகு, வந்தேன் என்று நான் ஒரு பெரிய பொய்யைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் சித்தி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

“சித்தி, செவுத்துல நான் ஒன்னு எழுதி...”

“தெரியும். அந்த பொண்ணு நேத்து எனக்கு மலாயில படிச்சு சொல்லுச்சு. வாரா வாரம் வந்து நின்னு பாத்தேன்னு போட்டிருக்கியாமே. கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. அப்பறம் சிரிப்பு வந்துருச்சு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வாயி.”

“அப்ப புளி...”

“மொதல்ல களிம்புன்னுதான் வாங்குனேன். மூஞ்சிய தேய்ச்சுகிட்டே வந்தேனா, காதுகிட்ட வந்ததும் கை நின்னுருச்சு. இதுக்கு கீழ தண்ணியாச்சேன்னு. இந்த புள்ள பாத்ததே இல்லியே, அதான் அவளுக்கு தெரியல, நாமளாவது காட்டி வைப்போம்னு அப்படியே சுத்தி வந்தேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கத்தினது தப்பு சித்தி, மன்னிச்சிருங்க என்றேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

“கத்துனது பரவால்ல. கெடுத்துட்டேன்னு சொன்னதும் பரவால்ல, உன் வேல உனக்கு. யாரு உங்கள தொட சொன்னான்னு கேட்ட பாரு.” முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மூனு வருஷமா அவள தொட்டு புடிச்சிகிட்டு நின்னது நான்தான்டி.”

தோசை ஆறுது, தின்னு என்றாள். தின்றேன்.

அன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்குத் திறப்பு விழா. வாசலில் ஒரு கூத்து. வந்த நம் ஆட்கள் வெண்கலச் சிலை என்றதும் ஒருவர் பாக்கியில்லாமல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துச் சீனர்களும் கழற்றினார்கள், வெள்ளைக்காரர் ஒருவர் காலுறையையும் சேர்த்துக் கழற்றினார். கூடமே வெறுங்காலோடு நின்றது. யாரோ ஒரு அக்கா உன் பெருவிரல்களுக்கு நடுவே ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுக்கவில்லை.

பேச வேண்டிய நேரம் வந்தது. எழுதி வைத்த பேச்சு கையில் இருந்தது, நல்ல பேச்சுதான். அதை மடித்து நூராவிடம் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த குறிப்பை எல்லார் முன்னாலும் உரித்து எடுத்தேன். இதில் எழுதியிருப்பது பொய், என் அம்மா மிதந்ததை நான் பார்த்ததே இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் நான் போகவில்லை என்றேன். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. பார்த்தவர் இதோ நிற்கிறார் என்று சித்தியைக் காட்டினேன். தண்ணீர் எங்கே நின்றது என்று சொன்னவரும் இவர்தான், இந்தச் சிலை முடிந்தது நேற்று மத்தியானம் இவர் கையில்தான் என்றேன். சிலைக்கு அடியில் புதுப் பெயர் அட்டை வைத்தாகிவிட்டது. ‘வார்த்தது ரேவதி, விளக்கியது அஞ்சலை.’

இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதிதானோ என்று சிலர் முழித்தார்கள். அப்புறம் கையைத் தட்டினார்கள். கலைக்கூடங்களுக்கெல்லாம் போய் வருகிற ஒருவர் என்னிடம் வந்து, எல்லாம் பிரமாதம், அந்த இடது கையையும் கொஞ்சம் மெருகேற்றிவிட்டால் சமநிலை வந்துவிடுமே என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்தக் கை இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கர்வம் என்று நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும்.

கூட்டம் குறைந்ததும் சித்தி உன் பக்கத்தில் மேடை ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே உன் இடது பக்கம் போய்த்தான் உட்கார்ந்தாள். அந்தக் கறுத்த கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், “ஆன்டி, சிலைய தொடக்கூடாது” என்றாள். “அவங்க தொடலாம்” என்றேன். இனி அந்தக் கூடத்தில் அது சட்டம், நூராவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் சித்தியைக் காரில் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டேன். வழியில் கேட்டேன், இப்பவும் புதன்கிழமை போறீங்களா சித்தி என்று. இல்லை என்றாள். நீ போனதிலிருந்து ஒரு நாள்கூடப் போகவில்லையாம்.

“ஏன் சித்தி?”

“அவளுக்குத்தான் பயம்னு நெனச்சுகிட்டு இருந்தேன். அவ போனதுக்கு அப்பறம் ஒரு வாட்டி போயி படிக்கட்டு வரைக்கும் எறங்குனேன். எனக்குந்தான் பயம் போல. யாரு கைய புடிச்சிகிட்டு நிக்கறது? திரும்பி வந்துட்டேன்.”

அம்மா, இத்தனை வருடத்தில் அவளை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உன்னைக் களிமண்ணில் பிசைந்தேன், மெழுகில் செதுக்கினேன், தீயில் வார்த்தேன். உன் தங்கை கிள்ளானில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய் முழுக்கை நீச்சல் உடை கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நின்றது நீதான். அதே வயிறு, அதே தொடை. நல்ல உடம்பாகத்தான் இருக்கிறது. இதைப் பார்க்கவா நான் அப்படிக் கூசினேன்?

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானும் சித்தியும் குளத்தில் இறங்குகிறோம். எனக்கு நீச்சலும் தெரியாது, மிதக்கவும் தெரியாது, நீரையும் ஓய்வையும் பற்றிப் பதினோரு சிலை செய்தவளுக்கு இதுதான் லட்சணம். தெரியாவிட்டால் என்ன? நிற்கத் தெரியும், கையைப் பிடிக்கத் தெரியும். கிளாஸ் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டேன். அவள் மிதக்கிற வரைக்கும், மிதந்த பிறகும், உன் தங்கை கையை நான் விட மாட்டேன். இது உன்மேல் சத்தியம் அம்மா.

உன் ஒரே மகள்,
உன் அஞ்சலைக்கும் இனி மகள்,
ரேவதி